பார்சலில் வரும் அடைமுட்டை: பொரிப்பு எங்கே குறைகிறது?

கடக்நாத், அசில், பெருவிடை, சிறுவிடை போன்ற கோழி இனங்களின் அடைமுட்டைகளைக் கைப்பேசியில் பார்த்து, பணம் அனுப்பி, ஆம்னி பேருந்திலோ கூரியரிலோ வரவழைத்து, வீட்டிலுள்ள சிறிய இன்குபேட்டரில் வைத்துப் பொரிக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் பரவலாகியிருக்கிறது. கூடவே ஒரு சச்சரவும் பரவலாகியிருக்கிறது. விற்றவர் தம் பண்ணையில் நூற்றுக்குத் தொண்ணூறு பொரிப்பதாகச் சொல்கிறார். வாங்கியவருக்கோ ஓர் அட்டை முட்டையில், அதாவது முப்பதில், பத்தோ பன்னிரண்டோதான் குஞ்சாகின்றன. கருக்கூடாத முட்டையைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று வாங்கியவர் சொல்ல, இன்குபேட்டரை ஓட்டத் தெரியவில்லை என்று விற்றவர் சொல்ல, பேச்சு அதோடு முறிந்துபோகிறது.

இருவரும் உண்மையே பேசியிருந்தாலும் இந்த முடிவு வரலாம். இருவர் கையிலும் இல்லாத ஓர் இரவு நடுவில் இருக்கிறது. அந்தப் பயணத்தில் முட்டைக்கு என்ன நேர்கிறது என்பதையும், பொரிக்காத முட்டை எந்தக் கட்டத்தில் கெட்டது என்பதை எப்படிப் பிரித்தறிவது என்பதையும் அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

இடும்போதே தொடங்கிவிட்ட உயிர்

கோழியின் சினைப்பையிலிருந்து விடுபடும் மஞ்சள் கரு, கருக்குழாயின் புனல் போன்ற வாயில் விழுந்த கால் மணி நேரத்துக்குள் விந்தணுவோடு சேர்கிறது. பிறகு அதன்மேல் வெண்கருவும், இரண்டு சவ்வுகளும், ஓடும் படிந்து முட்டை வெளியே வர ஏறக்குறைய 25 மணி நேரம் ஆகிறது. இவ்வளவு நேரமும் 41 டிகிரி செல்சியஸை ஒட்டிய உடல் வெப்பத்தில் இருப்பதால் கரு இடைவிடாமல் வளர்கிறது. கூட்டில் நாம் எடுக்கும் முட்டையின் மஞ்சள் கருமேல் தெரியும் சிறு வெண்புள்ளியில் அப்போதே 40,000 முதல் 60,000 வரை உயிரணுக்கள் உண்டு. வெளிக்காற்றில் முட்டை ஆறும்போது இந்த வளர்ச்சி நின்று, மீண்டும் போதிய வெப்பம் கிடைக்கும்வரை காத்திருக்கிறது.

விதை வாங்குவதைப் போல அடைமுட்டை வாங்கலாம் என்ற எண்ணம் இந்த இடத்தில்தான் தவறுகிறது. நெல்லோ கத்தரி விதையோ நீர் வற்றி உலர்ந்து உறங்குவதால் மாதக்கணக்கில் தாங்கும். முட்டையின் பெரும்பகுதி நீர். அதற்குள் உள்ள கரு உலரவில்லை, தற்காலிகமாக நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. அந்த நிறுத்தம் சில நாள்களுக்குத்தான் பாதுகாப்பானது. மேற்கொண்டு செல்வதற்கு முன் நான்கு சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

1. வளர்ச்சி நிற்கும் வெப்பநிலை: கருவின் வளர்ச்சி முற்றிலும் நின்றிருக்க முட்டை ஏறத்தாழ 20 அல்லது 21 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது பொதுவாகக் கொள்ளப்படும் அளவு. குஞ்சுப் பொரிப்பகங்களில் ஒரு வாரம்வரை வைக்கும் முட்டைகளை 15 முதல் 18 டிகிரியில் சேமிப்பது இதனால்தான்.

2. காற்றறை: முட்டை ஆறும்போது உள்ளிருப்பது சுருங்குகிறது. அகன்ற முனையில் இரு சவ்வுகளும் பிரிந்து அங்கே காற்று புகுந்து நிற்கிறது. பொரிப்பதற்கு முந்தைய நாளில் குஞ்சு தன் அலகால் உள்சவ்வைக் குத்தி முதல் மூச்சை இந்த அறையிலிருந்துதான் எடுக்கிறது.

3. முறுக்கு இழைகள்: மஞ்சள் கருவின் இருபுறமும் வெண்கருவுக்குள் முறுக்கிய கயிறுபோல் தெரியும் இழைகள். மஞ்சள் கரு ஓட்டில் போய் ஒட்டாமல் நடுவில் தொங்கவிடுபவை இவையே.

4. ஓட்டின் துளைகளும் மேற்பூச்சும்: ஓட்டில் ஏறக்குறைய 10,000 நுண்துளைகள் உண்டு. அவற்றின் வழியே நீராவியும் கரியமில வாயுவும் வெளியேறுகின்றன, பிராணவாயு உள்ளே போகிறது. முட்டை இடப்படும்போது ஓட்டின்மேல் படியும் மெல்லிய பூச்சு, கிருமிகள் துளைகளுக்குள் புகாமல் தடுக்கிறது. அடைமுட்டையைக் கழுவக் கூடாது என்பதற்குக் காரணம் இந்தப் பூச்சு. கருக்கூடியதா என்று பார்க்க முட்டையைத் தண்ணீரில் போடும் பழக்கமும் இதைக் கெடுக்கிறது. மிதப்பதும் மூழ்குவதும் முட்டையின் வயதைக் காட்டுமே தவிர, கருவைப் பற்றி எதுவும் சொல்லாது.

பயணம் எடுத்துக்கொள்வது: நாள், வெயில், குலுக்கல்

நாள்கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முட்டை பழையதாகும்போது கரியமில வாயு வெளியேறுகிறது. புதிதில் pH 7.6 அளவில் இருக்கும் வெண்கருவின் காரத்தன்மை 9க்கு மேல் ஏறுகிறது. கெட்டியான வெண்கரு நீர்த்துப்போகிறது. முதல் ஏழு நாள்வரை பெரிய இழப்பில்லை. அதற்குப்பின் ஒவ்வொரு நாளும் பொரிப்பு சிறிது சிறிதாகக் குறைகிறது. பொரிக்க எடுக்கும் நேரமும் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் கூடுகிறது. வாங்குபவர்கள் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. கூரியர் எடுத்துக்கொண்ட இரண்டு நாள் மட்டும் முட்டையின் வயதாகிவிடாது. ஐந்து பெட்டைக்கோழிகள் மட்டுமே வைத்திருக்கும் ஒருவர் முப்பது முட்டை சேர்க்க எட்டு பத்து நாள்களாவது ஆகும். பெட்டியில் முதலில் சேர்ந்த முட்டை பயணம் தொடங்கும் முன்பே கிழடாகியிருக்கும்.

வெயில் நம் ஊருக்கே உரிய சிக்கல். குளிர்நாடுகளில் எழுதப்பட்ட கையேடுகள் வழியில் முட்டை உறைந்து ஓடு வெடிப்பதைப் பற்றி எச்சரிக்கின்றன. இங்கே நடப்பது அதற்கு நேர்மாறு. கரூரிலோ வேலூரிலோ சித்திரை மாதத்தில் வீட்டுக்குள்ளேயே 33, 34 டிகிரி இருக்கிறது. மூடிய சரக்கு வேனுக்குள் அது 40ஐத் தாண்டும். 21 டிகிரிக்கு மேலும் அடைகாக்கும் வெப்பமான 37.5க்குக் கீழும் கிடக்கும் முட்டையில் கரு முழுதாக உறங்குவதும் இல்லை, ஒழுங்காக வளர்வதும் இல்லை. ஒரு பகுதி முன்னேற, மற்றொரு பகுதி பின்தங்குகிறது. அப்படிக் கோணலாகத் தொடங்கிய கரு, இன்குபேட்டரில் வைத்த மூன்றாம் நான்காம் நாளில் மடிந்துபோகும். ஓரிரு மணி நேரம் சூடேறுவதால் மட்டும் முட்டை கெட்டுவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். நெடுநாள் சேமித்த முட்டைகளைச் சில மணி நேரம் அளவாகச் சூடாக்கி மீண்டும் குளிர்விக்கும் முறை பெரிய பொரிப்பகங்களில் உண்டு. பகலில் சூடேறி, இரவில் ஆறி, மறுநாள் மீண்டும் சூடேறும் கட்டுப்பாடற்ற ஏற்ற இறக்கமே கேடு. அக்னி நட்சத்திரத்தின்போது தொலைதூரத்திலிருந்து அடைமுட்டை வரவழைப்பதைத் தவிர்ப்பது நல்லது என்பேன். மாலையில் ஏற்றி விடியலில் இறக்கும் இரவுப் பேருந்து, இரண்டு பகல் கிடங்கில் கிடக்கும் கூரியரைவிடப் பெரும்பாலும் மேலானது. எஞ்சினை ஒட்டிய சரக்கறையில் வைக்காமல் இருந்தால்.

இம்மூன்றில் கண்ணுக்குத் தெரியாமல் அதிகம் கெடுப்பது குலுக்கல். ஓடு உடைந்தால் தெரிந்துவிடும். ஓடு உடையாமலே உள்ளே இரண்டு இடங்களில் கேடு நேரலாம். ஒன்று, முறுக்கு இழைகள் தளர்ந்தோ அறுந்தோ மஞ்சள் கரு இடம் பெயர்வது. மிகக் கடுமையாக அடிபட்டால் மஞ்சள் கருவைச் சுற்றிய மென்சவ்வே கிழிந்து உள்ளே எல்லாம் கலந்துவிடும். மற்றொன்று, அகன்ற முனையில் இருக்க வேண்டிய காற்றறையின் சவ்வு பிய்ந்து, காற்று குமிழாகப் பிரிந்து முட்டைக்குள் அங்குமிங்கும் ஓடுவது. முட்டை பழையதாகி வெண்கரு நீர்த்திருந்தால் குலுக்கலைத் தாங்கும் மெத்தை ஏற்கெனவே போய்விட்டது என்று பொருள். ஆகவே நாளும் குலுக்கலும் தனித்தனியாக நின்று கெடுப்பதில்லை, ஒன்று மற்றொன்றைப் பெருக்குகிறது.

அடை வைத்த கூடையில் இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் போட்டு வைத்து, இடி இடித்தால் முட்டை கலங்கிவிடும் என்று நம் கிராமங்களில் சொல்வார்கள். இடிக்கு இரும்பு காப்பாகும் என்பது நம்பிக்கை. ஆனால் "முட்டை கலங்குவது" என்ற சொல்லில் இருக்கும் கவனிப்பு மெய்யானது. அதிர்வால் உள்ளே நிலைகுலைந்த முட்டைக்கு அதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரிந்து வேறில்லை.

விமானத்தில் வந்த முட்டைகள் பொரிக்காதபோது எக்ஸ்ரே இயந்திரத்தின்மேல் பழி போடுவது வழக்கமாகியிருக்கிறது. சரக்குகளைச் சோதிக்கும் எக்ஸ்ரேயின் கதிர்வீச்சு, மருத்துவமனையில் நெஞ்சுக்கு எடுக்கும் எக்ஸ்ரேயைவிடவும் குறைவு; கருவைக் கொல்ல அதைப்போல் பல்லாயிரம் மடங்கு வேண்டும். அந்தக் காரணத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம்.

தொண்ணூறு எப்படி நாற்பத்தைந்து ஆகிறது

சண்டையின் பாதி, ஒரே சொல்லை இரண்டு பொருளில் பயன்படுத்துவதால் வருகிறது. கருவுறு விகிதம் என்பது வைத்த முட்டைகளில் எத்தனை கருக்கூடியவை என்பது. பொரிப்புத் திறனை இரண்டு வகையில் கணக்கிடுவார்கள்: கருக்கூடிய முட்டைகளில் எத்தனை பொரித்தன என்பது ஒன்று, வைத்த மொத்த முட்டைகளில் எத்தனை பொரித்தன என்பது மற்றொன்று. முதல் வகைக் கணக்கில் தொண்ணூறு வரும் பண்ணையில் இரண்டாம் வகைக் கணக்கில் எழுபத்தைந்துதான் வரக்கூடும். விற்பவர் சொன்ன எண் எந்த வகை என்பதைக் கேட்காமல் அதை ஒப்பந்தமாகக் கருதுவது சரியல்ல. எந்த வகையானாலும் அது பயணம் செய்யாத முட்டையின் கணக்கு.

இழப்புகள் கூட்டலாக வருவதில்லை, பெருக்கலாக வருகின்றன என்பதை ஒரு மாதிரிக் கணக்கில் பார்க்கலாம். வந்த 30 முட்டைகளில் உடையாதவை 95 சதவீதம், அவற்றில் கருக்கூடியவை 85 சதவீதம், அவற்றில் பயணத்தைத் தாங்கியவை 70 சதவீதம், அவற்றில் சிறிய இன்குபேட்டரில் கடைசிவரை வந்தவை 80 சதவீதம் என்று கொள்வோம். தனித்தனியே பார்த்தால் எந்த எண்ணும் மோசமில்லை. நான்கையும் பெருக்கினால் 45 சதவீதம். முப்பதுக்குப் பதின்மூன்று, பதினான்கு குஞ்சுகள். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. தொலைவிலிருந்து வந்த முட்டையில் பாதி பொரித்தால் நல்லது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்வது இந்தப் பெருக்கலைத்தான்.

பெட்டி கைக்கு வந்ததும்

1. உடனே இன்குபேட்டரில் வைக்கக் கூடாது. விரிசல் விட்டவற்றையும் கசிந்து நனைந்தவற்றையும் நீக்கிவிட்டு, மற்றவற்றைக் கூர்முனை கீழாக, அகன்ற முனை மேலாக அட்டையில் நிறுத்தி, அசைக்காமல் 12 முதல் 24 மணி நேரம் வைக்க வேண்டும். மஞ்சள் கருவும் காற்றறையும் தம் இடத்தில் நிலைகொள்ள இந்த ஓய்வு வேண்டும்.

2. ஓய்வுக்கு வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் தேவை. கோடையில், ஈர மணலில் பாதி புதைத்த மண்பானைக்குள் முட்டைகளை வைப்பது பழைய, நல்ல வழி. மணலின் ஈரம் ஆவியாகும்போது பானை குளிர்கிறது. குளிர்பதனப் பெட்டியில் வைத்தெடுத்தால், வெளியே வந்ததும் ஓட்டின்மேல் நீர் முத்துமுத்தாகப் படியும். அந்த ஈரத்தோடு கிருமிகள் துளை வழியே உள்ளே இழுக்கப்படும்.

3. வைப்பதற்கு முன் ஒவ்வொரு முட்டையையும் இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்து, காற்றறை எப்படி இருக்கிறது என்பதைப் பென்சிலால் ஓட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். ஒழுங்காக இருப்பவை, ஒரு பக்கமாகச் சரிந்து சேணம்போல் இறங்கியவை, குமிழாக ஓடுபவை என மூன்று வகையாகப் பிரித்தால் போதும். முதல் நாளில் கரு இருக்கிறதா என்பது இந்த ஒளியில் தெரியாது. அதற்கு ஆறேழு நாள் பொறுக்க வேண்டும்.

4. அதே இன்குபேட்டரில், அதே நாளில், தம் வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ சேவலோடு திரியும் கோழிகளின் புது முட்டைகள் ஆறேனும் அடையாளமிட்டு வைக்க வேண்டும். இந்தக் கட்டுரையில் சொல்லப்படும் வழிகளில் ஒன்றை மட்டும் பின்பற்ற முடியும் என்றால் இதைப் பின்பற்றுங்கள் என்பேன். உள்ளூர் முட்டைகள் நன்றாகப் பொரித்துப் பார்சல் முட்டைகள் பொரிக்காவிட்டால் இன்குபேட்டர் குற்றமற்றது. இரண்டும் பொரிக்காவிட்டால் விற்றவரிடம் கேட்க ஒன்றுமில்லை.

திருப்புவதா, அசையாமல் விடுவதா

காற்றறை பிய்ந்த முட்டைகளை முதல் சில நாள்கள் திருப்பாமல் விட வேண்டும் என்று சிலரும், திருப்பாவிட்டால் கரு ஓட்டில் ஒட்டிவிடும் என்று சிலரும் சொல்வதால் புதியவர்கள் குழம்புகிறார்கள். இரண்டிலும் நியாயம் உண்டு. திருப்புதல் கருவின் இரத்தக் குழாய்கள் சவ்வெங்கும் பரவவும், வெண்கருவின் சத்தைக் கரு உறிஞ்சிக்கொள்ளவும் உதவுகிறது. இதற்கு மிக முக்கியமான காலம் ஏறக்குறைய மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாள்வரை. அந்த நாள்களில் திருப்பாமல் விட்ட பிழையைப் பின்னால் எவ்வளவு திருப்பினாலும் சரிசெய்ய முடியாது. ஆகவே ஓடும் காற்றறை உள்ள முட்டைகளை முதல் இரண்டு நாள்கள் நிறுத்தியபடி விட்டுவிட்டு, மூன்றாம் நாளிலிருந்து உருட்டாமல், அகன்ற முனை மேலிருக்க இருபக்கமும் 45 டிகிரி மாறிமாறிச் சாய்த்துவிடுவது இரு தரப்புக்கும் இடைப்பட்ட, காரணத்தோடு கூடிய வழி. முட்டையைப் படுக்கவைத்து உருளையில் உருட்டும் மலிவு விலை இன்குபேட்டர்கள் பார்சல் முட்டைக்குப் பொருத்தமானவை அல்ல. பதினெட்டாம் நாளோடு எல்லா முட்டைகளையும் திருப்புவதை நிறுத்திவிட வேண்டும்.

வெப்பம், விசிறியுள்ள இன்குபேட்டரில் 37.5 டிகிரி, விசிறியில்லாததில் முட்டையின் மேற்பரப்பு உயரத்தில் 38.3 முதல் 38.9 வரை. கோழிக்கு 21 நாள், ஜப்பானியக் காடைக்கு 17 அல்லது 18 நாள், வான்கோழிக்கும் பெரும்பாலான வாத்துகளுக்கும் 28 நாள், மணிலா வாத்துக்கு 35 நாள்.

ஈரப்பதத்தில்தான் ஊருக்கு ஊர் கணக்கு மாறுகிறது. முதல் 18 நாள்கள் 50 சதவீதத்தை ஒட்டியும், கடைசி மூன்று நாள்கள் 65 முதல் 70 சதவீதமும் வேண்டும் என்பது பொது விதி. காற்றைச் சூடாக்கினால் அதன் ஒப்பு ஈரப்பதம் இறங்கும். சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ 30 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதமுள்ள காற்று, இன்குபேட்டருக்குள் 37.5 டிகிரிக்குச் சூடாகும்போது 53 சதவீதமாகிறது. அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமலே முதல் 18 நாள்களைக் கடத்தலாம். உள்மாவட்டக் கோடையில் 34 டிகிரியில் 35 சதவீதமுள்ள காற்று உள்ளே போனால் 30 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். இருவருக்கும் ஒரே கையேடு உதவாது. எடைதான் இருவருக்கும் பொதுவான அளவுகோல்: வைத்த நாளின் எடையில் 11 முதல் 13 சதவீதம் பதினெட்டாம் நாளுக்குள் குறைந்திருக்க வேண்டும். 45 கிராம் நாட்டுக்கோழி முட்டை 40 கிராமை ஒட்டி வந்திருந்தால் ஈரப்பதம் சரி. வழியிலேயே ஓரளவு நீரை இழந்துவிட்ட முட்டைக்கு, வந்த நாளிலேயே காற்றறை பெரிதாகத் தெரியும். அத்தகையவற்றுக்குச் சற்றுக் கூடுதல் ஈரப்பதம் வேண்டும்.

பொரிக்காத முட்டை சொல்லும் சாட்சி

இருபத்து மூன்றாம் நாள் மிஞ்சிய முட்டைகளைக் கூமுட்டை என்று மொத்தமாகக் குழியில் கொட்டிவிடுவதால்தான் சச்சரவு தீராமல் இருக்கிறது. ஒவ்வொன்றையும் அகன்ற முனையில் உடைத்துப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

1. மஞ்சள் கரு தெளிவாக, இரத்தத்தின் சுவடே இல்லாமல் இருந்தால் கருக்கூடாதது, அல்லது கரு மிகத் தொடக்கத்திலேயே மடிந்தது. இரண்டையும் இந்தக் கட்டத்தில் பிரிப்பது கடினம். இதனால்தான், வந்த முட்டைகளில் ஒன்றிரண்டை வைக்கும் முன்பே தட்டில் உடைத்துப் பார்ப்பது பயன் தரும். கருக்கூடாததில் வெண்புள்ளி சிறிதாக, அடர்த்தியாக, ஓரம் ஒழுங்கற்று இருக்கும். கருக்கூடியதில் அது 4, 5 மில்லிமீட்டர் அகலத்தில் வளையம்போல், நடுவில் தெளிந்து இருக்கும்.

2. இரத்த வளையம் மட்டும் தெரிந்தால் இரண்டு முதல் நான்கு நாளுக்குள் மடிந்தது. கருக்கூடிய முட்டை என்பதற்கு அதுவே சான்று. கருக்கூடாததை அனுப்பினார் என்று விற்றவரைக் குற்றம் சொல்ல முடியாது. வெயிலும் நாள்பட்டதும் குலுக்கலுமே முதற்காரணங்கள்.

3. முழுதாக வளர்ந்த குஞ்சு, சவ்வைக் குத்தாமலோ தலை கூர்முனைப் பக்கம் இருந்தோ இறந்திருந்தால் இடமாறிய காற்றறை, தலைகீழாக வைத்தது, போதுமான அளவு திருப்பாதது ஆகியவற்றை ஐயப்பட வேண்டும். முன்பு பென்சிலால் குறித்ததோடு ஒப்பிட்டால் எது என்று தெரியும்.

4. குஞ்சு ஊதி, நீர் தேங்கி, ஈரமாக இறந்திருந்தால் ஈரப்பதம் மிகுதி. சவ்வு காய்ந்து குஞ்சின்மேல் இறுக ஒட்டியிருந்தால் கடைசி நாள்களில் ஈரப்பதம் போதவில்லை, அல்லது மூடியை அடிக்கடி திறந்திருக்கிறார்கள்.

எந்த இன்குபேட்டரிலும், அடைக்கோழியின் கீழும்கூட, கருச்சாவு இரண்டு உச்சங்களில் நிகழ்வது இயல்பு: முதல் வாரத்தின் நடுவில் ஒன்று, பதினெட்டு முதல் இருபதாம் நாள்வரை ஒன்று. பார்சல் முட்டையில் இரண்டு உச்சமும் உயர்கின்றன.

இந்தச் சாட்சியை வைத்துப் பொறுப்பைப் பிரிக்கலாம். உடையாமல் கட்டி அனுப்புவது, இட்ட தேதியைச் சொல்வது, ஏழு நாளுக்கு உட்பட்டதை அனுப்புவது, சொன்ன இனத்தையே அனுப்புவது ஆகியவை விற்பவரின் கடமை. முப்பதில் பதினைந்து முட்டைகள் இரத்தச் சுவடே இல்லாமல் தெளிவாக இருந்தால், வாங்கியவர் ஆறேழாம் நாளிலேயே டார்ச் ஒளியில் படமெடுத்து அனுப்பி மாற்று முட்டை கேட்பதில் நியாயம் உண்டு. இத்தனை குஞ்சு பொரித்தாக வேண்டும் என்று கேட்பதில் இல்லை. பொரிப்புக்கு உத்தரவாதம் தருகிறேன் என்று விளம்பரம் செய்பவர், தன் கையில் இல்லாத ஒன்றை விற்கிறார்.

இனத்தூய்மை என்ற வாக்குறுதி

பெட்டைக்கோழியின் உடலில், கருக்குழாயின் நுண்ணிய மடிப்புகளுக்குள் சேவலின் விந்தணுக்கள் இரண்டு மூன்று வாரங்கள்வரை உயிரோடு தங்கும். பல இனங்களை ஒரே தோப்பில் மேயவிட்டு, முட்டை கேட்டு ஆள் வந்ததும் கடக்நாத் பெட்டையைக் கடக்நாத் சேவலோடு தனியே அடைத்து, நான்காம் நாள் முட்டையை அனுப்பினால், பொரிக்கும் குஞ்சுக்குத் தந்தை வேறு சேவலாக இருக்கலாம். பிரித்து மூன்று வாரம் கழிந்த பிறகு இட்ட முட்டைக்குத்தான் அந்த வாக்குறுதி பொருந்தும். மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவாவில் வளரும் கடக்நாத்தின் இறைச்சிக்கு 2018இல் புவிசார் குறியீடு கிடைத்தபின் அந்தப் பெயரில் விற்பனை பெருகியது. வாங்கும்போது முட்டை ஓட்டின் நிறத்தை வைத்துக் கடக்நாத் என்று உறுதிசெய்ய முடியாது. அந்தக் கோழி கறுப்பாக இருந்தாலும் அதன் முட்டை இளம்பழுப்புதான். கூரான முட்டை சேவலாகும், உருண்டை பெட்டையாகும் என்று சொல்லித் தேர்ந்தெடுத்து விற்பதற்கும் ஆதாரம் இல்லை.

முட்டையா, ஒரு நாள் குஞ்சா

முட்டையைவிடக் குஞ்சு நன்றாகப் பயணம் செய்யும் என்பது முதலில் நம்பக் கடினமாக இருக்கும். பொரிப்பதற்குச் சற்று முன் எஞ்சிய மஞ்சள் கரு முழுவதையும் குஞ்சு தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. அந்தச் சேமிப்பு, தீவனமும் தண்ணீரும் இல்லாமல் ஏறக்குறைய மூன்று நாள் அதைத் தாங்குகிறது. அமெரிக்க அஞ்சல் துறை 1918 முதல் ஒரு நாள் குஞ்சுகளை அஞ்சலில் ஏற்றுக்கொள்வது இந்த இயல்பை நம்பித்தான். பொரித்து 72 மணி நேரத்துக்குள் சேர வேண்டும் என்ற வரம்பும் அதிலிருந்தே வந்தது. நம் ஊரில் பொரிப்பகங்கள் துளையிட்ட அட்டைப் பெட்டியில் அறைக்கு இருபத்தைந்தாக நூறு குஞ்சுகளை அடுக்கிப் பேருந்தில் அனுப்புவதும் அதே நம்பிக்கையில். குஞ்சின் விலை முட்டையைப்போல் பல மடங்கு என்றாலும், பாதிதான் பொரிக்கும் என்ற கணக்கையும், மின்சாரத்தையும், மூன்று வாரக் காத்திருப்பையும் சேர்த்தால் வித்தியாசம் வெகுவாகக் குறைந்துவிடும். குஞ்சு கிடைக்காத இனத்துக்கும், குஞ்சு தாங்காத தொலைவுக்கும் மட்டும் முட்டையை நாடுவது அறிவுடைமை.

ஓட்டைத் தாண்டி வரும் நோய்

முட்டை சுத்தமாக இருந்தாலும் தாய்க்கோழியின் சில நோய்கள் அதற்குள்ளேயே குஞ்சுக்குக் கடந்துவிடும். புல்லோரம் எனப்படும் சால்மொனெல்லா நோயும், மூச்சுக்குழாயைத் தாக்கும் மைக்கோபிளாஸ்மாவும் அவற்றில் முதன்மையானவை. புல்லோரத்தால் குஞ்சுகள் கூட்டம் கூட்டமாகச் செத்ததால்தான் அமெரிக்காவில் 1935இல் தேசியக் கோழி மேம்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டு, தாய்க்கோழிகளின் இரத்தத்தைச் சோதித்துச் சான்றளிக்கும் முறை வந்தது. இன்றும் அங்கே அடைமுட்டை வாங்குபவர் முதலில் கேட்பது அந்தச் சான்றைத்தான். நம் சிறு விற்பனையாளர்களிடம் அப்படி ஒரு பழக்கம் வேரூன்றவில்லை. ராணிக்கெட் எனப்படும் வெள்ளைக்கழிச்சல் நோய்க்குத் தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா என்றாவது கேட்க வேண்டும்; போட்ட தாயின் எதிர்ப்புச் சக்தி மஞ்சள் கருவின் வழியே குஞ்சுக்கு வந்து முதல் இரண்டு மூன்று வாரங்களுக்குக் காக்கும்.

பறவைக் காய்ச்சல் பரவும் காலத்தில் இது தனிமனித நட்டத்தோடு நிற்பதில்லை. 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் இந்தியாவின் முதல் பாதிப்பு கண்டறியப்பட்டது. இப்போது நோய் உறுதியான இடத்தைச் சுற்றி 1 கிலோமீட்டர்வரை கோழிகளை அழிப்பதும், 10 கிலோமீட்டர்வரை கண்காணிப்பதும், அங்கிருந்து கோழி, முட்டை, எரு எதுவும் வெளியேறத் தடை விதிப்பதும் நடைமுறையாகியிருக்கின்றன. முட்டைப் பெட்டியில் அடைத்த உமியும் வைக்கோலும் எச்சம் பட்ட அட்டையும்கூட நோயைச் சுமக்கும். அந்தப் பகுதியிலிருந்து யாரேனும் கூரியரில் அனுப்பத் தயாராக இருந்தால் வாங்கக் கூடாது. வந்த பெட்டியின் உமியைக் கோழிகள் கிளறும் குப்பையில் கொட்டாமல் எரித்துவிட வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் பெட்டியில் வைத்துக் கொண்டுவரும் அலங்காரக் கோழி முட்டைகளுக்கும் இதுவே அடிப்படை. 1898ஆம் ஆண்டின் கால்நடை இறக்குமதிச் சட்டத்தின்படி அடைமுட்டைக்கு மத்திய அரசின் முன்அனுமதியும், புறப்படும் நாட்டின் கால்நடை நலச் சான்றும், சென்னை போன்ற இடங்களில் உள்ள தனிமைப்படுத்தும் நிலையத்தின் சோதனையும் தேவை. மயில், காட்டுக்கோழி முட்டைகளை எந்தச் சான்றோடும் விற்கவோ வாங்கவோ வழியில்லை. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். சட்டத்துக்கு உட்பட்டு வந்த முட்டையில் பொரித்த குஞ்சுகளையும், வீட்டில் ஏற்கெனவே உள்ள கோழிகளோடு சேர்க்கும் முன் நான்கு வாரமாவது தனிக் கூண்டில், தனித் தண்ணீர்க் கிண்ணத்தோடு வளர்க்க வேண்டும். ஒரே ஆள் இரு பக்கமும் பார்ப்பதாக இருந்தால், பழைய கோழிகளுக்குத் தீனி வைத்த பிறகே புதுக் குஞ்சுகளிடம் போக வேண்டும்.